வேன் வாடகை

ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை சிப்புட்
ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர்.
டோல், எண்ணெய், ஐஸ் எல்லாம் சேர்த்து
இரண்டாயிரத்து இருநூறு வெள்ளி.
பேரம் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.
அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள
ஏதாவது ஓர் எண் வேண்டியிருக்கிறது.

ரசீதுப் புத்தகத்தில் அச்சுக்காரன்
'அமரர் வான் சேவை' என்று போட்டுவிட்டான்.
நூறு புத்தகம். திருத்தவில்லை.

இளஞ்சேரன் பேரம் பேசவில்லை, நேரம் கேட்டான்.
"வேன்ல எவ்வளவு நேரம் ஆவும், அண்ணே?"
ஏழு மணி நேரம். மழை பிடித்தால் எட்டு.
"பிளைட்ல?"
ஒன்றேகால் மணி நேரம், உனக்கு.
உன் அப்பாவுக்கு என்றால் பெட்டிக்கு ஒரு கடிதம்,
கடிதத்துக்கு ஒரு முத்திரை,
நடுவில் ஒரு பொது விடுமுறை;
மூன்று நாள்.

அப்பா அடைக்கலம்.
பாசீர் கூடாங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலைக்குப்
பதினோரு வருடக் காவல்.
தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்
இரவு பஸ்ஸில் ஊர் போவார்.
மகன் டிக்கெட் போட்டுத் தந்தும் விமானத்தில் ஏறவில்லை,
காது அடைக்குமாம்.

முன்சீட்டைக் காட்டினேன்.
என் தொப்பியும் ஒரு பொட்டலம் கச்சானும் கிடந்தன.
பார்த்தான்.
"அம்மா ஒண்டியா இருக்காங்க, நான் முன்னால போயிடுறேன்."
ஏழு மணி நேரம் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார
எல்லோராலும் ஆகாது.

இரண்டரைக்குக் கிளம்பினேன்.
யோங் பெங்கில் வைப்பர் நிற்கவே இல்லை.
தங்காக்கில் வெயில், செம்பனைகள் தலை துவட்டிக்கொண்டிருந்தன.
ஐந்தரைக்குச் சிரம்பான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஐந்து மணிக்கு ஏறிய விமானம் இப்போது
வலது பக்கம், பகாவ் மேகங்களுக்கு மேலே எங்கேயோ.
ரேடியோ போடுவதில்லை, பேசுவேன்.
"பெரியவரே, பையன் நம்மள முந்திட்டாரு.
சிக்னல்கூடப் போடல."

தாப்பா ஓய்விடத்தில் எட்டு மணிக்குப் போன்.
"அண்ணே, இன்னும் செனாய்லதான் இருக்கேன். இடி மழை.
இப்பத்தான் கூப்பிடுறாங்க. நீங்க எங்க?"
தாப்பா.
"அப்பா?"
அவரும் தாப்பாதான் என்றேன்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
வெகுநேரம் மூச்சுச் சத்தம்; அதற்குப் பின்னால்
யாருக்கோ இருக்கை எண் சொல்லும் பெண் குரல்.
"கொஞ்சம் மெதுவா போங்கண்ணே."

இருபத்திரண்டு வருடம். சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் எல்லோரும்.
உடம்பு தாங்காது, பூசாரி காத்திருக்கிறார், இருட்டிவிடும்.
மெதுவாக என்றவன் இவன் ஒருவன்தான்.
இடது தடத்தில் அறுபதில் உருட்டினேன்.
மரவள்ளி லாரி முந்தியது, சிமெண்டு லாரி முந்தியது,
கோழி ஏற்றிய லாரி ஹாரனில் திட்டிக்கொண்டே முந்தியது.
ஐஸ் உருகும் கணக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

சிம்பாங் பூலாயில் இறங்கி
ஈப்போ விமான நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.
வருகை வாசலில் நிறுத்தக் கூடாது என்று ஓடிவந்த காவலர்
கதவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு
கூம்பு ஒன்றை நகர்த்தி இடம் விட்டார்.
நீலச் சட்டை. அடைக்கலத்தின் பையில்
மடித்து வைத்திருந்த அதே நீலம்.

பத்து மணிக்கு மகன் வந்தான்.
பின்கதவைத் தொட்டான். திறக்கச் சொல்லவில்லை.
தொப்பியை எடுத்து இடம் கொடுத்தேன்.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்.
பழைய சாலை, செம்மோர் வழி.
சிவப்பு விளக்குக்கெல்லாம் நின்றோம்,
யாருமே இல்லாத சந்திப்பிலும்.

தோட்டத்து வளைவு தெரியும்போதுதான் வாயைத் திறந்தான்.
"அண்ணே, காது அடைச்சே கெடக்கு."

கச்சான் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன்.
மெல்லு, என்றேன். மென்றால் விட்டுவிடும்.